கேட்டு முடித்த மூன்று நாவல்களும் ‘கேட்பது வாசிப்பாகுமா’ என்ற கேள்வியும்

“சமீபத்தில் கேட்டு முடித்த புனைகதை ஒலிநூல்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள், ஒரு நாவலைக் கேட்டவர் அதை வாசித்தவர் ஆவாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பிற்பாதியைப் பார்த்தால், நீங்களும் ஒரு நாவலைக் கேட்டு முடித்துவிட்டு, படித்தேன் என்று சொல்லத் தயங்குகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. விழித்திரைப் பாதிப்பால் அச்செழுத்தைத் தொடர்ந்து பார்க்க இயலாதவன் நான். சில ஆண்டுகளாகக் கதைகள் எனக்குக் காதின் வழியாகவே வருகின்றன. நூல்களைப் பற்றிய ஓர் உரையாடலில் ஒருவர், “நீங்கள் கேட்டதோடு சரி, படிக்கவில்லையே” என்று சொல்லி என் கருத்தை ஒதுக்கிவிட்டார். ஆகவே இந்தப் பதிலில் சற்றுக் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அண்மையில் கேட்டவற்றில் என்னை மிகவும் வருத்தியது, மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் ஓர் ஒலிப்பதிவு. குரல் தந்தவர் திறமை குறைந்தவர் அல்லர். உச்சரிப்பு தெளிவாக இருந்தது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் குற்றவுணர்வு அத்தியாயத்துக்கு அத்தியாயம் கனத்துக்கொண்டே போவதைக் குரலை உயர்த்தாமலேயே உணர்த்தினார். ஆனால் விக்டர் படைத்த அந்த உயிர் பேசத் தொடங்கியதும், அவர் தொண்டையை இறுக்கிக்கொண்டு உறுமத் தொடங்கிவிட்டார். அந்த உறுமல் திரைப்படங்கள் நமக்குப் பழக்கிவைத்தது. 1931 இல் வந்த படத்தில் அந்த உயிர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. நாவலிலோ அது அழகாகவும் வாதத்திறமையோடும் பேசுகிறது. ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, அங்கே வாழும் குடும்பத்தினர் பேசுவதையும், அவர்கள் வீட்டுக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு மொழி கற்பிப்பதையும் ஒட்டுக்கேட்டுத்தான் அது பேசக் கற்றுக்கொள்கிறது.

அந்தக் குடும்பத்தின் முதியவர் டி லேசி பார்வையற்றவர். மற்றவர்கள் வெளியே சென்றிருக்கும் நேரம் பார்த்து, அந்த உயிர் அவரிடம் மட்டும் சென்று பேசுகிறது. தன் குரல் கரகரப்பானதுதான், ஆனால் அதில் அச்சமூட்டுவது எதுவும் இல்லை என்று அதுவே முன்னதாகச் சொல்லிவிடுகிறது. முகத்தைப் பார்க்க முடியாத ஒருவர் தன்னை ஏற்பார் என்ற நம்பிக்கை அந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. முதியவரும், உன் முகத்தை வைத்து உன்னை எடைபோட என்னால் இயலாது, ஆயினும் உன் சொற்களில் உண்மை இருப்பதாகத் தெரிகிறது என்னும் பொருள்படப் பதில் சொல்கிறார். பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். பார்வை உள்ளவர்கள் வந்ததும் அடி விழுகிறது. நாவலின் போக்கையே திருப்பிவிடும் இந்தக் காட்சியை உறுமலில் வாசித்தால், முதியவர் ஏன் அஞ்சவில்லை என்பது கேட்பவருக்கு விளங்காமலே போய்விடும். நான் பதிவை நிறுத்தி, அதே இடத்தை மீண்டும் கேட்டேன். அப்போதும் எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு குரலுக்காக இத்தனை வருத்தமா என்று சிலர் நினைக்கலாம். அச்சில் படிப்பவர் அந்தக் குரலைத் தம் மனத்தில் தாமே அமைத்துக்கொள்கிறார். எனக்குக் கிடைப்பது வாசிப்பாளர் அமைத்துத் தரும் குரல் ஒன்றுதான். அவர் நூலைக் கவனமாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகை என்று நான் கருதவில்லை.

அடுத்தது பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’, 1897 இல் வெளிவந்தது. நான் கேட்டது பல குரல்களில் அமைந்த பதிவு. ஒரு நாவலைப் பலர் பங்கிட்டு வாசிப்பது பொதுவாக எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள் என்று முழுக்கப் பல கைகள் எழுதியதாகவே அமைந்த இந்த நூலுக்கு அது மிகவும் பொருந்துகிறது. மனநல மருத்துவர் செவார்ட் தம் நாட்குறிப்பைக் காகிதத்தில் எழுதாமல் ஃபோனோகிராஃப் என்னும் பழைய ஒலிப்பதிவுக் கருவியின் உருளைகளில் பேசிப் பதிவு செய்கிறார். கதையின் முக்கியப் பெண் பாத்திரமான மீனா அவற்றைக் கேட்டுத் தட்டச்சு செய்துவிட்டு, இந்த இயந்திரம் இரக்கமில்லாமல் உண்மையைச் சொல்கிறது, உங்கள் நெஞ்சின் வேதனை குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி வேறு யாரும் இதைக் கேட்க வேண்டியதில்லை என்கிறாள். படித்தால் தெரியாத ஒன்று கேட்டால் தெரியும் என்பதை அந்த நாவலே ஒப்புக்கொள்ளும் இடம் இது. கேட்பதை மட்டமாகப் பேசுபவர்களுக்கு இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்ட விரும்புகிறேன். அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பதிவைத் தயாரித்தவர்கள் வயலின் இசையைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறார்கள். குரலே போதும் என்று நூல் சொல்லும் இடத்தில்கூடக் குரலை நம்பாதவர்கள் ஏன் ஒலிநூல் தயாரிக்க வருகிறார்கள்? மீனாவுக்குக் குரல் தந்தவரின் பெயரைத் தேடினேன். எல்லா வாசிப்பாளர்களின் பெயர்களும் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருந்தனவே தவிர, யார் எந்தப் பாத்திரத்துக்குக் குரல் தந்தார் என்ற விவரம் எங்கும் இல்லை. மிகச் சிறப்பாக வாசித்த ஒருவரைப் பெயர் சொல்லிப் பாராட்டக்கூட வழியில்லாமல் செய்வது பெரிய அநீதி.

முழு நிறைவு தந்தது அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ (1926). ஒரே வாசிப்பாளர், இசை கிடையாது. கிராமத்து மருத்துவர் ஷெப்பர்ட் தம் வாயால் சொல்லும் கதை. முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் குரல் தரும் வாசிப்பாளருக்கு அது முதல் வரியிலிருந்தே தெரியும், கேட்பவருக்குத் தெரியாது என்பதை மட்டும் நினைத்துப்பாருங்கள். இந்த வாசிப்பாளர் எதையும் கோடிகாட்டவில்லை, எதையும் மூடி மறைக்கவும் இல்லை. முடித்தவுடன் சில அத்தியாயங்களைத் திரும்பக் கேட்டேன். ஒரு வாக்கியத்தில்கூட ஏய்ப்பு இல்லை. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் நூல் சேவை 1935 இல் தொடங்கியபோது முதலில் வெளியானவற்றுள் இந்த நாவலும் ஒன்று. ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’ மற்றொன்று. தட்டின் ஒரு புறத்துக்கு ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஓடும் இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு இந்தக் கதையைக் கேட்டவர்களை, நாவலைப் படிக்காதவர்கள் என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், 1878 இல் அதன் பயன்களைப் பட்டியலிட்டபோதே, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆய்வு வேண்டும் என்பவர்களுக்கு, 2019 இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ்’ இதழில் ஒன்று வெளிவந்தது; ஒரே கதைகளைக் கேட்டாலும் படித்தாலும், சொற்பொருளை மூளை கையாளும் விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை அது காட்டியது. அது பொருளைப் பற்றிய ஆய்வுதான், இலக்கிய நயத்தை அளக்கவில்லை என்று யாரேனும் மறுத்தால் அதை ஏற்கிறேன். அச்சில் படிப்பவருக்குள்ள வசதிகளையும் நான் மறுக்கவில்லை: பிடித்த பத்தியில் நின்றுகொள்ளலாம், இரண்டு பக்கம் பின்னே புரட்டலாம். எனக்கு அது அத்தனை எளிதன்று. ஆனால் இரட்டை வேகத்தில் கதை கேட்பவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். வாசிப்பாளர் விடும் இடைவெளியும் கதையின் பகுதியே என்பதால் நான் வேகத்தைக் கூட்டுவதில்லை.

நீங்கள் தொடங்குவதானால் ஆக்ராய்டிலிருந்து தொடங்குங்கள். எந்த ஒலிநூலையும் தேர்ந்தெடுக்கும் முன், மாதிரியாகத் தரப்படும் தொடக்க நிமிடங்களை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வாய்ப்புள்ள இடத்தில் நடுவிலுள்ள ஓர் உரையாடலைக் கேட்டுப்பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே பேசும்போதுதான் வாசிப்பாளர் அந்த நூலை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பது தெரியும்.