எழுபது கிலோ கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் துடுப்புப் படகு வீரர் எஸ்கில்ட் எபெசன் ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம் வாங்கியதை வியந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சின்ன உறுத்தல். லைட்வெயிட் பிரிவு, அதாவது எடை குறைந்தவர்களுக்கான தனிப்போட்டி என்பதே ஒரு சலுகைதானே? உயரம் தாண்டுதலில் குட்டையானவர்களுக்கென்று தனிப்போட்டி வைப்பதில்லையே. இப்போது ஒலிம்பிக்கிலிருந்தே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முரளி

அன்புள்ள முரளி,

தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, பாதி நீங்கள் சொல்வது சரிதான். நீண்ட கை கால், அகன்ற முதுகு, 90 கிலோவுக்கு மேல் உடம்பு என்று இருப்பவர்களுக்குச் சாதகமான விளையாட்டு இது. மற்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்றுதான் 1974-இல் உலகப் போட்டியில் ஆண்களுக்கும் 1985-இல் பெண்களுக்கும் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிலும் சேர்ந்தது. சலுகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டைக்காரரிடம் போய் இதைச் சொல்வீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்!

நான் வியந்தது வேறு ஒன்றை. ஆண்கள் பிரிவில் ஒருவர் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது, அது எல்லாருக்கும் தெரிந்த விதி. படகில் இருப்பவர்களின் சராசரி 70 கிலோவைத் தாண்டக்கூடாது என்று இன்னொன்றும் இருக்கிறது, வம்பே அதில்தான். நான்கு பேர் படகு என்றால் மொத்தம் 280. நீங்கள் 72-இல் நின்றால் உங்களுடைய அந்த இரண்டு கிலோவை வேறு யாரோ தன் உடம்பிலிருந்து கழிக்கவேண்டும். கூட்டுக்குடும்பத்துச் செலவுக் கணக்கு மாதிரி, ஒருவர் கூடுதலாகச் சாப்பிட்டால் இன்னொருவர் தட்டில் குறையும். போட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு தராசில் ஏறி, அப்புறம் தண்ணீர் குடித்து ஏதாவது சாப்பிட்டு, உடனே போய் 2000 மீட்டரை ஆறு நிமிடச் சொச்சத்தில் வலிக்கவேண்டும். துடுப்பை 'வலிப்பது' என்று சொல்லிவைத்தவர் நன்றாகத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

எபெசன் இதை ஒரே கூட்டத்தோடு செய்யவில்லை. அட்லாண்டாவில் தங்கம், சிட்னியில் வெண்கலம், ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் தங்கம், லண்டனில் வெண்கலம். ஐந்து முறையும் படகில் இருந்த நால்வர் அணி வேறு வேறு. அவரோடு அந்த ஐந்து ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டவர்களை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 11 பேர். விக்டர் ஃபெடர்சனும் மோர்டன் யோர்கன்சனும் இரண்டு முறை வருகிறார்கள், தாமஸ் எபர்ட் மூன்று முறை. மற்றவர்கள் ஒரு முறைதான். ஒவ்வொரு புது ஆளுக்கும் புது உடம்பு, புதுத் தாளம், புது எடைக் கணக்கு. 16 வருடம் கழித்து, 40 வயதில், அதே 70 கிலோ சராசரிக்குள் திரும்பவும் உட்கார்ந்திருக்கிறார். எனக்கெல்லாம் திருமணச் சட்டை இரண்டே வருடத்தில் பத்தாமல் போனது.

அப்புறம் அந்த 40 வயது வெண்கலம். தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவுக்கு 6:02.84, வெள்ளி வாங்கிய பிரிட்டனுக்கு 6:03.09, டென்மார்க்குக்கு 6:03.16. முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவில் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அவருடைய பதக்கங்களில் தங்கம் மூன்று இருக்க, எனக்குப் பிடித்தது இதுதான்.

பிரிவை எடுத்ததைப் பற்றி: சண்டை விளையாட்டுகளுக்கும் பளுதூக்குதலுக்கும் வெளியே எடைப்பிரிவு வேண்டாம் என்ற எண்ணம் ஒலிம்பிக் கமிட்டியிடம் வெகுநாளாக உண்டு. ஆண்கள் நால்வர் படகு ரியோவோடு போனது, இருவர் படகு பாரிஸ் 2024-ஓடு போனது, 2028-இல் அந்த இடத்துக்குக் கடலோரப் படகுப் போட்டி வருகிறது. எடைக்காகப் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்ற கவலையும் நியாயமானது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதெல்லாம் பிரிவு இருக்கவேண்டுமா என்ற கேள்விக்கான பதில். இருந்தபோது அதில் வலித்தவர் சுலபமாக ஜெயித்தார் என்று அதிலிருந்து எப்படி வரும்?

நேரம் கிடைத்தால் லண்டன் இறுதிப்போட்டியின் கடைசி 500 மீட்டரை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டி எழுதுங்கள்.