நேர்மாறு அணி காணத் தெரிந்தால் போதுமா?

மேட்ரிக்ஸில் (அணிகளில்) முழு மதிப்பெண் வாங்கிய மகளுக்குத் தரவுகளைக் கையாளும் வேலையில் அது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் தேர்வுக்குப் பழகிய பகுதி வேறு, வேலையில் கைகொடுக்கும் பகுதி வேறு.

தேர்வில் 3×3 அணிக்கு இணைக்காரணிகள் எழுதி நேர்மாறு காண்பார்கள். அதே வழியில் 20×20 அணிக்கோவையை (டிடர்மினன்ட்) விரித்தால் பெருக்கல்கள் 20-இன் தொடர்பெருக்கத்தையே (1×2×…×20) தாண்டும், அதாவது 2-க்குப் பின்னால் 18 இலக்கங்கள். நிரைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து உறுப்புகளைச் சுழியாக்கும் காஸ் நீக்கல் முறையில் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். சமன்பாட்டைத் தீர்க்க, பைத்தான் மொழியின் கணித நூலகமான நம்பையில் (NumPy) நேர்மாறு காணும் 'இன்வ்' (inv) போட்டுப் பெருக்காமல், நேரடியாகத் தீர்க்கும் 'சால்வ்' (solve) போடச் சொல்வதும் இதையொட்டித்தான்: வேலையும் குறைவு, துல்லியமும் கூடுதல்.

கையால் செய்து பார்க்க ஒரு கணக்கு. x + y = 2, x + 1.0001y = 2.0001. விடை (1, 1). இப்போது 2.0001-ஐ 2.0002 ஆக்குங்கள். விடை (0, 2) என்று புரண்டுவிடும்! அளவீட்டில் நான்காம் தசம இடத்தில் ஒரு சறுக்கல், முடிவு தலைகீழ். அணிக்கோவை சிறியதாக இருப்பதுதான் காரணம் என்று மாணவர்கள் சட்டென்று சொல்வார்கள். அது சரியல்ல. மூலைவிட்டத்தில் 0.1 மட்டுமே உள்ள 10×10 அணியின் அணிக்கோவை இன்னும் மிகச் சிறியது, ஆனால் அதில் எந்தச் சிக்கலும் இல்லை. பார்க்க வேண்டியது கண்டிஷன் எண், அதாவது உள்ளீட்டின் சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு வரை பெருகலாம் என்று காட்டும் எண். பாடத்திட்டத்தில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

அலுவலகத்தில் அதிகம் கடிப்பது வடிவப் பிழை, அதாவது அணிகளின் நிரை, நிரல் அளவுகள் பொருந்தாதது. கணிப்புகள் (1000, 1) வடிவிலும் (1000 நிரை, ஒரு நிரல்) உண்மை மதிப்புகள் (1000,) வடிவிலும் (வெறும் 1000 எண்களின் பட்டியல்) இருக்க, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஒவ்வொரு கணிப்போடும் எல்லா மதிப்புகளும் கழிபடும்; 1000 எண்கள் வராது, 10 லட்சம் வரும். புரோகிராம் முணுமுணுக்கக்கூட செய்யாது. சராசரிப் பிழை என்று ஏதோ ஓர் எண் வந்து நிற்கும், எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் வடிவத்தை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அதே நம்பையில் * உறுப்புக்கு உறுப்பு பெருக்கும், அணிப் பெருக்கலுக்கு @ குறி.

நேர்காணலில் காட்ட ஒரே ஒரு வேலை போதும். நான்கு மாறிகள் கொண்ட தரவுக்கு மீச்சிறு வர்க்கப் பொருத்தத்தை (பிழைகளின் வர்க்கங்களின் கூடுதல் மிகக் குறைவாக வரும் சமன்பாட்டைக் காண்பது) மகள் தானே எழுதி, ஆயத்தக் கட்டளை தரும் விடையோடு ஒப்பிடட்டும். தரவு அணியின் முதல் நிரலை (column) ஒன்றுகளால் நிரப்ப மறந்தால் வெட்டுத்துண்டு (சமன்பாட்டின் மாறிலி உறுப்பு) வராது, விடைகளும் ஒத்துப்போகாது. பலர் தடுக்குவது அங்கேதான்.