வார்டில் சொல்லிவிடவா?

கேள்வி: கொழும்பில் ஒரு அரசாங்க வைத்தியசாலையில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன், ஊர் மட்டக்களப்பு. நான் தன்பாலீர்ப்பாளன் என்பது ஒரே ஒரு நண்பனுக்குத்தான் தெரியும். வார்ட் ரவுண்டில் அப்படியான நோயாளிகளை வைத்துப் பகிடி விடுகிறார்கள். சிரிக்காமல் நின்றால் என்னைப் பார்க்கிறார்கள். பேசாமல் சொல்லிவிடவா? வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இன்டர்ன்ஷிப் ஆறு மாதம், ஆறு மாதமாக இரண்டு நியமனம். கன்சல்டன்ட் கையொப்பம் வைத்தால்தான் மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைக்கும். பகிடி ஓடுவதும் அவர் முன்னால்தான். வெளிப்படையாக நின்று வழிகாட்ட வேண்டியவர்கள் பதவி உறுதியான சீனியர்கள். அந்தச் சுமையை இன்டர்ன் தலையில் கட்டுவது அநியாயம்.

அதற்காக வாய் மூடி நிற்கவும் வேண்டாம். “சேர், பேஷன்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே பகிடி அடங்கிவிடும், பெரும்பாலும். பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், யாராவது தன்பாலீர்ப்பை நோய்போல எழுதினால், உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதே என்று கேட்டுப் பாருங்கள். அது மருத்துவக் கேள்வி, யாரும் கேட்கலாம். திருநங்கை ஒருவர் அனுமதிக்கப்பட்டு, எந்த வார்ட் என்று குழப்பம் வந்தால், பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பற்றிச் சுகாதார அமைச்சு 2016இல் விட்ட சுற்றறிக்கையை சிஸ்டரிடம் எடுத்துக் காட்டலாம். சுற்றறிக்கை என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை உண்டு!

சரி, சட்டம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் குற்றமாக்குவது பாலுறவுச் செயலை. ஒருவருடைய ஈர்ப்பு அதில் குற்றமாகாது. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, ஆனால் அது சட்டமாகவில்லை. அதனால் முறைப்பாடு எழுத நேர்ந்தால் உங்கள் காதல், உறவு பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். யார், என்ன சொன்னார், திகதி, நேரம், பக்கத்தில் நின்றது யார், அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பகிடியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், நோயாளியின் விபரம் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

அரசாங்கம் 2014இல் ஐ.நா.விடம், சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டிலிருந்தும் பாதுகாக்கும் என்று கூறியது. அரச வைத்தியசாலை என்பதால் அடிப்படை உரிமை வழக்குக்கு வழி உண்டு, ஆனால் கெடு ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. தனியார் வைத்தியசாலையில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதவு இவ்வளவு இலேசாகத் திறக்காது, முதலில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் மனசு. சொந்த வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகக் கூச்சமாக இருக்கும், கிளினிக் வாசலிலேயே தெரிந்த முகங்கள். 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 2004 முதல் கொழும்பில் இயங்கும், தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமைகளுக்கான அமைப்பான ஈக்குவல் கிரவுண்டிலும் பேசலாம். எங்கே எடுத்தாலும், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதல் வசனத்திலேயே கேட்டுவிடுங்கள்.