ஓட்டுநராகவும் நடிகராகவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி இளைஞர்கள் சிலர் கைக்காசைப் போட்டு எடுக்கும் குறும்படத்தில் எனக்கு ஒரு வேடம் கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பேரனைக் கானாடுகாத்தானில் உள்ள பூர்விக வீட்டுக்குக் காரில் அழைத்துச் செல்லும் ஐயா வேடம். வசனம் முழுவதும் கார் ஓட்டிக்கொண்டே பேச வேண்டியது. காரும் என்னுடையதுதான், விடியற்காலையில் குழுவினரை ஏற்றி வருவதும் இரவில் வீடு சேர்ப்பதும் என் பொறுப்பு. நாடக மேடையில் நடித்தவன், முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவன். ஆனால் ஒத்திகையில் இரண்டும் சேர்ந்து வரவில்லை. என்ன செய்யலாம்? காருக்கு வாடகை கேட்பது முறையா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வராதது நல்லது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. பேரன் முகத்தைப் பார்த்து ஒரு வரி உருக்கமாகச் சொல்லி முடிப்பதற்குள் இருபது, முப்பது மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். உங்கள் கண் சாலையை விட்டு வர மறுக்கிறது என்றால் அது முப்பது ஆண்டுப் பழக்கம். அதை நடிப்பின் குறையாக எண்ண வேண்டாம்.

ஏ.வி. மெய்யப்பன் 1940களில் ஸ்டுடியோ நடத்திய காரைக்குடிக்குப் படப்பிடிப்பு புதிதன்று. வெளியூர்க் குழுக்கள் வந்தால் ஓட்டுநர் வேறு, நடிகர் வேறு. உள்ளூர்ப் பையன்கள் எடுக்கும்போதுதான் காரை வைத்திருப்பவர் இரண்டுமாக ஆகிவிடுகிறார். அதைத் தவிர்க்க முடியாது என்றால், ஓடுகிற காரில் பேச்சு இல்லை, பேசுகிற காரில் ஓட்டம் இல்லை என்று இயக்குநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சுக் காட்சிகளை இருட்டிய பிறகு, நிறுத்திய காரிலேயே எடுத்துவிடலாம். வெளியே நின்று இரண்டு பேர் பம்பரை மெல்ல அசைக்க, ஒருவர் கைவிளக்கைக் கண்ணாடியோரமாக முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போனால், திரையில் கார் நெடுஞ்சாலையில் போவதாகவே தோன்றும். இதில் பெரும்பாலான நடிகர்கள் அகப்பட்டுக்கொள்வது ஸ்டீயரிங்கில்தான்: நேர்ச்சாலையில் போகிறவர் அதை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருப்பார். உண்மையில் ஓட்டுகிறவர் கை அவ்வளவு அசையாது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிக்காக ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே கதவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், அடுத்த டேக்குக்குமுன் கண்ணாடி முன்பிருந்த அளவுக்கே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டும் காட்சிகளில் வசனமே வேண்டாம். கானாடுகாத்தானின் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. முகப்பில் நிறுத்தாமல், பக்கச் சுவரை ஒட்டி மெதுவாகப் பின்வாசல் வரை போய் அங்கே நிறுத்தும் ஒரு கிழவரைப் பின்னிருக்கையிலிருந்து காட்டினால், பாகப்பிரிவினையோ வழக்கோ எதுவோ நடந்திருக்கிறது என்று பார்ப்பவர் தாமே புரிந்துகொள்வார். இயக்குநர் எழுதிவைத்த இரண்டு பக்க வசனத்தைவிட அந்தச் சுவரின் நீளம் அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம். (அவருக்கு இது பிடிக்காமல் போகலாம்.) பேசியே ஆக வேண்டும் என்றால், நிறுத்திய காருக்குள் குரலைத் தனியே பதிந்து, கார் தூரத்தில் போகும் காட்சியின்மேல் ஓடவிடட்டும்.

பானெட்டின்மேல் கேமரா பொருத்திக்கொண்டு பொதுச்சாலையில் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது உங்கள் பார்வையை மறைக்கும். சீட் பெல்ட் சட்டையை மறைக்கிறது, கழற்றிவிடுங்கள் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 1,000 ரூபாய் என்பது இருக்கட்டும். இன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் பேரன் பெல்ட் போடாத காரில் ஏறி உட்கார்ந்தால் கதையும் இடிக்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இரவுச் சவாரிதான். விடியலில் குழுவை ஏற்றி, பகலெல்லாம் வெயிலில் நடித்து, இரவு பதினொரு மணிக்கு ஐந்து பிள்ளைகளைப் பின்னால் தூங்கவைத்துக்கொண்டு திருமயம் சாலையில் ஓட்டுகிற அறுபது வயதுக்காரருக்கு எந்த அனுபவமும் துணைக்கு வராது. காலைச் சவாரியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு வேறு ஓட்டுநரோ, தங்க ஓர் இடமோ அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாடகை கேட்காதீர்கள். உங்களுடையது வெள்ளைப் பலகை வண்டியாக, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியாக இருந்தால், வாடகைக்கு ஓடியது என்று எழுத்தில் வந்தபின் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. நடிப்புக்கென்று ஒரு தொகையைக் கூச்சப்படாமல் கேளுங்கள், பெட்ரோலை அவர்கள் போடட்டும்.

அன்புடன்.