நடப்பதற்கு ஒரு சுயநலமான காரணம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 43 வயது. கரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. “இன்னும் சர்க்கரை வியாதி இல்லை, ஆனா வாசல்ல நிக்கிறீங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க” என்றார் டாக்டர். பயந்துபோய் மறுநாளே ஷூ வாங்கினேன். பத்து நாள் ஒழுங்காக நடந்தேன். அப்புறம் பையனுக்குக் காய்ச்சல், திருத்த வேண்டிய விடைத்தாள், மழை. ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இது முதல் தடவையும் இல்லை.

“விடிஞ்சதிலிருந்து வீட்டு வேலை பார்க்கிறே, அதைவிட என்ன எக்ஸர்சைஸ்?” என்கிறார் மாமியார். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடலாம், பணம் போகிற வருத்தத்திலாவது போவாய் என்கிறார் கணவர். என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, மனசுதான் வரவில்லை. நீங்கள் விடாமல் உடற்பயிற்சி செய்வதாக எழுதியிருந்தீர்கள். உங்களை எழுப்பிவிடுவது எது?

ச.
கரூர்

அன்புள்ள ச.,

என்னை எழுப்பிவிடுவது ரயிலின் மேல் பெர்த்.

சிரிக்காதீர்கள். 45 வயது ஆன பெண்களுக்கு ரயில்வே கீழ் பெர்த் பார்த்துக் கொடுக்கிறது. எனக்கு அது வேண்டாம். கீழே எல்லோரும் வந்து உட்காருவார்கள். இட்லிப் பொட்டலம் பிரிப்பார்கள். “எங்கம்மா போறீங்க?” என்று ஆரம்பித்து என் மகனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுவரை வந்து நிற்பார்கள். மேலே ஏறிவிட்டால் நானும் புத்தகமும் மட்டும்தான். ஆனால் ஏறணுமே! அந்த ஒல்லி இரும்புப் படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே தூக்கும் அந்த ஒரு நொடியில் தொடை, தோள், விரல் எல்லாம் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அடுத்து, தலை ஃபேனில் இடிக்காமல் குனிந்து முழங்காலை மடக்கி உள்ளே போட வேண்டும். வண்டி அப்போதுதான் குலுங்கும். எழுபதிலும் யாரையும் கூப்பிடாமல் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மாடிப்படி ஏறுவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, தண்ணீர் கேனை நானே தூக்குவது எல்லாம் அதற்காகத்தான். இதயத்துக்கும் எலும்புக்கும் கிடைக்கிற நன்மை எனக்குக் கொசுறு.

உங்கள் டாக்டர் சொன்ன காரணத்தில் தப்பில்லை. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதைவிட அதிகம் பேர் உங்களைப் போல வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. ஆனால் 6.1 என்கிற எண் வலிக்காது. காலையில் எழுந்தால் எங்கேயும் குத்தாது. பையனுக்குக் காய்ச்சல் என்றால் அது இன்றைக்கு, இப்போது. எப்போதோ வரலாம் என்கிற நோய் அதற்கு முன்னால் எப்படி நிற்கும்? உங்களுக்குச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காரணம் உங்களை விட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபௌஜா சிங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. 1994-இல் மகன் ஒரு விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தோடு லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தார். வீட்டுக்குள் உட்கார முடியாமல்தான் ஓட ஆரம்பித்தார். 2000-இல் லண்டன் மாரத்தானை முடித்தபோது அவர் வயது 89. 2011-இல் டொரண்டோ மாரத்தானை முடித்தபோது 100. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. நூறு வயதில் ஓடினார் என்ற படத்தைப் போட்டு ‘உங்களாலும் முடியும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மகன் கதையை விட்டுவிடுகிறார்கள். அவரை ஓடவைத்தது மாரத்தான் இல்லை. அது அவருடைய சொந்தக் காரணம், இன்னொருவர் கடன் வாங்க முடியாது. என் மேல் பெர்த்தும் உங்களுக்கு உதவாது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி நிஜம். லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையே உடற்பயிற்சி ஆகும், சந்தேகமில்லை. ஆனால் எந்த வேலை? அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றால் கால் வலிக்கும், மூச்சு வாங்காது. குக்கர், மிக்ஸி, கிரைண்டர் வந்த பிறகு வீட்டு வேலையில் அலுப்பு மிச்சம், அசைவு போய்விட்டது. சுலபமான அளவுகோல் ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கூட்டிப் பெருக்கும்போது பாட்டுப் பாட முடிகிறதென்றால் அந்த வேகம் போதாது. (மாமியாரிடம் இதை என் பெயரில் சொல்லுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம்.)

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். டாக்டர், பையன், பள்ளி, மாமியார், கணவர் எல்லோரும் இருக்கிறார்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அங்கேதான் தேட வேண்டும் என்று எனக்குப் படுகிறது. உங்கள் வயதில் பல பெண்களுக்கு இல்லாமல் போவது யாரும் ‘அம்மா’ என்றோ ‘மிஸ்’ என்றோ கூப்பிடாத அரை மணி நேரம். நடையை உடம்புக்கான மருந்தாக எண்ணாமல் அந்த அரை மணி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தள்ளிப்போடத் தோன்றும், இதை யாராவது பிடுங்க வந்தால் சண்டைக்குப் போவீர்கள்.

இன்னும் கொஞ்சம் ஆசை காட்டலாம். அமெரிக்காவில் கேட்டி மில்க்மன் என்ற பேராசிரியை ஒரு சோதனை செய்தார். விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தார். கதை எங்கே நின்றதோ அதைத் தெரிந்துகொள்ளவே ஆட்கள் வந்தார்கள். ஆரம்பத்தில் வருகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. பிறகு ஒரு பண்டிகை விடுமுறை வந்தது, பலன் கரைந்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பின்பாதிதான். உங்களுக்கும் காய்ச்சலிலும் விடைத்தாளிலும்தான் அறுந்தது. ஒருநாள் தவறுவதால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை என்று பழக்கங்களைப் பற்றிய லண்டன் ஆய்வு ஒன்று சொல்கிறது. தவறிய பிறகு ‘போச்சு, நம்மால் ஆகாது’ என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதுதான் குலைக்கும். பொங்கல் லீவு முடிந்து எந்தக் கிழமை மறுபடி இறங்குவீர்கள் என்பதை லீவுக்கு முன்பே குறித்துவைத்துவிடுங்கள்.

விடிகாலையில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? காலை ஐந்து மணி உங்கள் வீட்டில் அடுப்படிக்குச் சொந்தம், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தால் சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை குறையும். தெருவில் நாயும் இருட்டும் தொல்லை என்றால் மொட்டைமாடி போதும். துணிக்கொடியைக் கழற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எட்டுப் போடுங்கள். ஷூகூட வேண்டாம், வழுக்காத செருப்பு இருந்தால் சரி. பையன் பின்னாலேயே வருவான், அனுப்பிவிடுங்கள். செல்போனில் உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டோ நாவலோ ஓடட்டும், அதை மாடிக்கு வெளியே கேட்காதீர்கள்.

கணவர் சொல்லும் வருஷ சந்தாவுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் கணக்கை ஆராய்ந்தவர்கள் 2006-இல் எழுதினார்கள்: மாதச் சந்தா கட்டியவர்கள் போன நாட்களை வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் 10 டாலருக்கு ஒருநாள் போய்வர வழி இருந்தது. பணம் போன வருத்தத்தில் யாரும் ஓடி வரவில்லை. ஜிம்தான் பிடித்திருக்கிறது என்றால் ஒரு மாதத்துக்குக் கட்டச் சொல்லுங்கள். பெண்களுக்கான நேரம் எது, அது உங்கள் பள்ளி விடும் நேரத்தோடு ஒத்துவருகிறதா என்பதை நேரில் போய்க் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். மிச்சப் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா