சோறு அடைத்தால் அது கேஸ் இல்லை

கேள்வி: பான்டோபிரசோல் மூன்று வாரமாகப் போடுகிறேன். நெஞ்சு கரிப்பு குறையவே இல்லை.

பதில்: அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே! சாப்பிட்ட பிறகு என்றால் பாதிப் பலன் போச்சு. காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரமாவது வேண்டும்.

கேள்வி: மீன் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கலாமா?

பதில்: கூடாது. முள் இன்னும் ஆழமாகக் குத்தும். உறுத்தல் நிற்கவில்லையா, மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நாலு மாதமாகச் சோறு நெஞ்சில் நின்று நின்று இறங்குகிறது. இப்போது கஞ்சிதான். மெலிந்தும் விட்டார். மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கித் தருகிறோம். வேறு நல்ல மாத்திரை சொல்லவும்.

பதில்: சொல்ல மாட்டேன். நாலு மாதத்தை மாத்திரையிலேயே கழித்துவிட்டீர்கள். புகையிலை, பாக்கு, மது உண்டா என்றும் எழுதவில்லை. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக் குழாய், நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் உள்ளே வழி ரொம்பவே குறுகிய பிறகுதான் சோறு தடுக்கும். முதலில் கெட்டி உணவு, அப்புறம் கஞ்சி, கடைசியில் தண்ணீர் என்று வரிசையாக அடைத்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை நான் விடமாட்டேன். கேஸ் மாத்திரை என்று நீங்கள் வாங்கும் அமில மாத்திரை எரிச்சலைத்தான் அடக்கும், கட்டியை அடக்காது. எரிச்சல் அடங்கியதும் வீட்டில் நிம்மதியாகி விடுகிறார்கள், அதுதான் ஆபத்து. அமிலப் புண் ஆறியதால் வந்த சுருக்கம் என்றால் பலூன் வைத்தே விரிக்கலாம். எது என்று பார்த்தால்தானே தெரியும்? வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி பத்து நிமிட வேலை. இந்த வாரமே கூட்டிப்போங்கள். மெடிக்கல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அமில மாத்திரை கேட்டு வருகிறவரிடம், “விழுங்க முடிகிறதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 30 வயது. ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒன்றுபோல அடைக்கின்றன.

பதில்: அகலேசியாவாக இருக்கலாம். விழுங்கும்போது குழாயின் அடிப்பக்க வால்வு திறக்காத நோய் அது. எண்டோஸ்கோப்பியோடு, குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும் எடுக்க வேண்டும். வாய் வழியாகவே போய் அந்தத் தசையை வெட்டிவிடும் ‘போயம்’ சிகிச்சை ஜப்பானில் 2008-ல் தொடங்கியது, இப்போது இங்கேயும் செய்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், அடைப்புக்கு நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

கேள்வி: டாக்ஸிசைக்ளின் போட்டுப் படுத்தேன். விடிந்ததிலிருந்து எச்சில் விழுங்கினாலும் வலி.

பதில்: ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கியிருப்பீர்கள். மாத்திரை குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பெரும்பாலும் சில நாளில் ஆறும், ஆறாவிட்டால் காட்டுங்கள். இனி ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருதல். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

கேள்வி: குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால், மலத்தில் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: ஒரு நிமிடம்கூடக் கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே குழாய் வெந்துவிடும். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.