அமெரிக்கன் ஃபுட்பாலின் தொடக்கக் காலத்தில் சின்னக் கல்லூரிகளில் கோச்சாக இருந்தவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

ஜான் ஹெய்ஸ்மன். சிறந்த கல்லூரி வீரருக்கு வருடாவருடம் தரும் கோப்பைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததோ, அதற்கெல்லாம் வெகு முன்னால் ஒஹாயோ மாநிலத்தின் சின்னக் கல்லூரிகளில் அவர் தொடங்கிய விதம்.

1892-ல் சட்டப் படிப்பை முடித்த கையோடு ஓபர்லின் கல்லூரிக்கு வந்தார். அப்போது கோச் வேலை ஒரு தொழிலாகவே உருவாகவில்லை. மாணவராகவும் சேர்ந்துகொண்டு, அணியில் தானே இறங்கி ஆடினார். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 40-0, 50-0 என்று அந்த ஒரே சீசனில் இருமுறை சாய்த்தார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்துடன் ஆடியதுதான் சுவாரசியம். ஊர் திரும்ப ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஆட்டம் முடியும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். 24-22 என்று முன்னிலையில் இருந்த ஓபர்லின், நேரம் முடிந்தது என்று களத்தை விட்டுக் கிளம்பியது. இன்னும் சில நிமிடம் இருக்கிறது என்ற மிச்சிகன், தடுக்க ஆளில்லாத மைதானத்தில் பந்தோடு எல்லைக்கோடு வரை நடந்தே போய் டச்டவுன் எடுத்து 26-24 என்று எழுதிக்கொண்டது. இன்றுவரை இரண்டு கல்லூரிகளின் பதிவேட்டிலும் வெற்றிதான்! நான் ஓபர்லின் கட்சி.

அடுத்த வருடம் பக்டெல் கல்லூரி (இன்றைய ஏக்ரன் பல்கலைக்கழகம்). அந்தக் காலத்தில் சென்டர் என்ற முன்வரிசை நடு வீரர் பந்தைத் தரையில் உருட்டித்தான் பின்னால் அனுப்புவார். அதை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அங்கே நல்ல உயரம். குனிந்து எடுக்கச் சிரமப்பட்டார். பந்தைத் தூக்கியே போடச் சொன்னார் ஹெய்ஸ்மன். சின்னக் கல்லூரியில் ஆளை மாற்ற வழியில்லை, ஆட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். அவர் அதைச் செய்தார்.

பிறகு ஆபர்ன், கிளெம்சன், ஜார்ஜியா டெக் கல்லூரிகளில் கோச்சாக இருந்தார். முட்டி மோதும் ஆட்டத்தில் உயிர்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஃபார்வர்ட் பாஸை (பந்தை முன்னோக்கி எறிவதை) அனுமதியுங்கள் என்று விடாமல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1906-ல் அனுமதித்தார்கள்.

1916-ல் ஜார்ஜியா டெக் கம்பர்லாந்தை 222-0 என்று நசுக்கியதைப் பலர் அவருடைய சாதனையாகச் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. ஃபுட்பாலையே நிறுத்திவிட்ட சின்னக் கல்லூரி அது. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம் என்பதால் கிடைத்த பையன்களைத் திரட்டிக்கொண்டு வந்தது. ஓபர்லினையும் பக்டெலையும் பார்த்தவர் பாதியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.